நிழலுக்கும் பெயருக்கும் இடையே

சென்ற கோடை விடுமுறையில், குன்னூரில் பெரியப்பா குடும்பம் வாழ்ந்த வீட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டி வந்தது. பெரியம்மாவும் மறைந்துவிட்ட பின் அந்த வீட்டில் எவரும் இல்லை. பீரோவின் அடித்தட்டில், பழைய ரேஷன் கார்டுகளுக்கும் எஸ்டேட் சம்பளச் சீட்டுகளுக்கும் கீழே, காக்கிநிற உறையொன்றில் ஒரு மார்பு எக்ஸ்ரே இருந்தது. உறையின்மேல் 1988 ஆகஸ்ட் என்று எழுதியிருந்தது. ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்தோம். வலது நுரையீரலின் மேற்பகுதியில், காறை எலும்புக்குச் சற்றுக் கீழே, எலுமிச்சம்பழ அளவில் ஒரு வெண்மை. பழைய எக்ஸ்ரே படலங்களை அவற்றிலுள்ள வெள்ளிக்காக எடைக்கு வாங்கிச் செல்வோர் நம் ஊர்களில் உண்டு. பெரியம்மா அதை விற்கவில்லை.

பெரியப்பா ஓர் எஸ்டேட் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தவர். இரவு ஷிஃப்டில் விழித்திருக்கவென்று பிடித்துப் பழகிய சிகரெட்டைக் கடைசிவரை விடவில்லை. அந்த ஆகஸ்டில் இருமலுக்காக எக்ஸ்ரே எடுத்தபோது நாம் உடன் போயிருந்தோம். அப்போது பள்ளி மாணவர். மழைக்காலமாதலால் கழுவித் தொங்கவிட்ட படலம் காய நெடுநேரம் ஆயிற்று. எடுத்தவர், "நம்ம ஊர் ஃபிலிம் சார், தெளிவா விழும்" என்றார். தெளிவாகத்தான் விழுந்தது. ஆனால் அந்த வெண்மையின் பெயர் புற்று என்று வீட்டாருக்குத் தெரியவந்தது 1989 மார்ச்சில். இடைப்பட்ட ஆறு மாதமும் அவர் காசநோய்க்கு மாத்திரையும் ஊசியும் எடுத்துக்கொண்டிருந்தார். மே மாதம் காலமானார்.

அந்த ஆறு மாதம் எங்கே போயிற்று என்னும் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். எவர்மீதும் குற்றஞ்சாட்டுவது நம் நோக்கமன்று. ஒரு நிழல் தோன்றுவதற்கும் அதற்குப் பெயர் கிடைப்பதற்கும் இடையிலுள்ள காலத்திற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் சில பக்கங்கள் இந்த மலையிலேயே எழுதப்பட்டவை.

*

நீலகிரிக்கும் நுரையீரலுக்குமான உறவு பழையது. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்து, சில ஆண்டுகளில் உதகையில் குடியமைத்தபோதே, இம்மலைக் காற்று உடலைத் தேற்றும் என்ற நம்பிக்கையும் உடன் குடியேறிவிட்டது. ராபர்ட் பெய்க்கி என்னும் மருத்துவர் நீலகிரியின் தட்பவெப்பத்தையும் நோயாளிகளுக்கு அது தரும் நன்மையையும் ஆராய்ந்து எழுதிய நூல் 1834இல் கல்கத்தாவில் அச்சாயிற்று. வெலிங்டனில் படைவீரர் குடியிருப்புகள் எழுந்ததற்கும் இந்த நம்பிக்கை ஒரு காரணம்.

குளிர்ந்த காற்று, ஓய்வு, நல்லுணவு என்னும் இம்மூன்றையே மருந்தாகக் கொண்ட சானடோரியம் மரபு பின்னர்ச் சமவெளிக்கும் வந்தது. இங்கிலாந்தில் சானடோரியம் நடத்திய அனுபவமுள்ள டாக்டர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் நிறுவியது அதில் புகழ்பெற்றது. அப்பகுதியின் ரயில் நிலையத்திற்கு இன்றும் அதுவே பெயர்.

இந்த மரபை முடித்துவைத்த ஆய்வும் தமிழ்நாட்டில்தான் நடந்தது என்பது பலருக்கும் தெரிவதில்லை. 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளில் ஒரு பாதியினரைச் சானடோரியத்திலும் மறுபாதியினரை அவரவர் நெரிசலான வீடுகளிலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. 1959இல் வெளிவந்த முடிவு உலகத்தையே திருப்பியது: குணமடைவதில் இருசாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நோயைத் தீர்த்தது மருந்துதான். மலைக்காற்றோ ஓய்வோ அல்ல. அதன்பின் இந்தியக் கிராமங்களின் சிறு மருந்தகங்கள்கூடக் காசநோய்க்குச் சிகிச்சை தர முடிந்தது. எண்ணற்ற உயிர்களைக் காத்த வெற்றி அது. ஆனால் அந்த வெற்றியே, நுரையீரலில் எந்த நிழலைக் கண்டாலும் காசநோய் என்று முதலில் எண்ணும் பழக்கத்தையும் நம்மிடம் விட்டுச் சென்றது.

*

இனி அந்த நிழல் விழுந்த படலத்தைப் பார்ப்போம். வில்ஹெல்ம் ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டது 1895 நவம்பரில். முதலில் கண்ணாடித் தகடுகளில் பதிந்த படம், பின்னர் நெகிழும் படலத்துக்கு மாறியது. விடுதலைக்குப் பின்னும் இந்தியா அப்படலத்தை வெளிநாடுகளிலிருந்தே வாங்கியது. அந்நிலையை மாற்றவென்று மத்திய அரசு 1960இல் உதகமண்டலத்தில் நிறுவியது ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ். பிரான்சின் பௌஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1967இல் உற்பத்தி தொடங்கியது. திரைப்படச் சுருள், புகைப்படத் தாள், எக்ஸ்ரே படலம் ஆகியவை 'இந்து' என்னும் வணிகப்பெயரில் வெளிவந்தன. ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கும் இந்து நகர் என்றே பெயராயிற்று.

உதகையைத் தேர்ந்ததற்குக் காரணம் அதே காற்றுதான். வெள்ளி உப்பின் நுண்துகள்களை ஜெலட்டினில் கலந்து படலத்தின்மேல் பூசும் தொழிலுக்குத் தூசி பகை, வெப்பமும் பகை. எந்தக் காற்று நுரையீரலைத் தேற்றும் என்று வெள்ளையர் நம்பினரோ, அதே காற்று நுரையீரலைப் படம்பிடிக்கும் பொருளைச் செய்ய உதவியது. பூச்சு வேலை முழுவதும் இருட்டில் நடக்கவேண்டியது. இருட்டில் கையால் தடவி வழியறிந்து வேலை செய்த மனிதர் பலர் நம் மலையில் இருந்தனர். அவர்கள் பிள்ளைகள் சிலருக்கு நாம் தமிழ் கற்பித்திருக்கிறோம்.

படலத்தின் மொழி எளியது. கதிர் தடையின்றி வந்து சேருமிடம் கறுக்கும். தடைப்படுமிடம் வெளுத்து நிற்கும். காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பு; எலும்பும் இதயமும் வெண்மை. கறுப்பில் தோன்றும் வெண்மை, அங்கே காற்றுக்குப் பதிலாக வேறேதோ இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். அது சீழா, நீரா, காசநோயின் தழும்பா, புற்றா என்று சொல்லாது. எக்ஸ்ரே தருவது நிழல். பெயரை வேறிடத்திலிருந்துதான் பெறவேண்டும்.

*

பெயரைப் பற்றிப் பேசும்போது தமிழாசிரியர் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். காசநோய்க்கு நம் மொழியில் பெயர்கள் பல: காசம், சயம், என்புருக்கி. எலும்பை உருக்கும் நோய் என்ற பெயரிலேயே நோயாளியின் மெலிந்த உருவம் தெரிகிறது. நுரையீரல் புற்றுக்கு அப்படித் தனிப்பெயர் இல்லை. கறையான் எழுப்பும் மண்மேட்டின் பெயரை உடலில் வளரும் கட்டிக்கு இட்டோம். அதுவும் கண்ணுக்குத் தெரிகிற புண்ணுக்கும் கட்டிக்கும் வழங்கியது. மார்புக்குள் மறைந்து வளர்வதற்குப் பெயர் இல்லாததில் வியப்பில்லை, ஏனெனில் அந்நோயே ஒரு காலத்தில் அரிதாக இருந்தது. நியூயார்க் மருத்துவர் ஐசக் அட்லர் 1912இல் உலக மருத்துவ ஏடுகளையெல்லாம் தேடித் தொகுத்தபோது, நானூற்றுக்கும் குறைவான நுரையீரல் புற்று நேர்வுகளே அவருக்குக் கிடைத்தன. இவ்வளவு அரிய நோய்க்குத் தனிநூல் தேவையா என்ற தயக்கம் அவருக்கே இருந்தது.

சிகரெட் அந்நிலையை மாற்றியது. 1933இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம், புற்றுக்கண்ட நுரையீரலொன்றை முழுமையாக அகற்றி வெற்றி கண்டார். அந்த நோயாளியும் ஒரு மருத்துவரே. 1950இல் புகைப்பழக்கத்திற்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை லண்டனில் டாலும் ஹில்லும், அமெரிக்காவில் விண்டருடன் சேர்ந்து இதே கிரஹாமும் வெளியிட்டனர். கிரஹாம் தாமே நெடுநாள் புகைத்தவர். 1957இல் நுரையீரல் புற்றாலேயே இறந்தார். அவர் அறுவை செய்து காப்பாற்றிய நோயாளி அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் வாழ்ந்தார்.

ஆனால் புகைப்பவர்க்கு மட்டுமே வரும் நோய் என்று எண்ணுவதும் பிழை. லைன் வீடுகளில் விறகடுப்பின் புகையைச் சுவாசித்து வாழ்ந்த பெண்களிடமும், எந்தப் புகையையும் அறியாதவரிடமும் இது காணப்படுகிறது. 'சிகரெட் பிடிக்காதவருக்கு இது ஏன் வரப்போகிறது?' என்ற எண்ணமும் தாமதத்திற்கு ஒரு வாயில்.

*

காசநோயும் நுரையீரல் புற்றும் ஒன்றையொன்று போலித்துக் காட்டுபவை. இருமல், சளியில் இரத்தம், எடை குறைதல், மாலைக் காய்ச்சல் ஆகியவை இரண்டிலும் உண்டு. காசம் விரும்பித் தங்கும் மேற்பகுதியில் புற்றும் தோன்றும். பழைய காசத்தழும்பின் அருகே புதிய புற்று வளர்வதும் உண்டு. காசநோய் மிகுந்த நாட்டில் முதலில் காசத்தை ஐயுறுவது குற்றமன்று, அதுவே முறை. சளியில் கிருமி தென்படாதபோதும், எக்ஸ்ரே நிழலை மட்டும் நம்பிச் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, பின் திரும்பிப் பாராமல் இருப்பதே பிழை. பெரியப்பாவுக்கு மூன்று முறை சளி சோதித்தும் கிருமி தெரியவில்லை என்று உறைக்குள்ளிருந்த சீட்டு சொல்கிறது.

ஐயத்தைத் தூண்டவேண்டிய குறிகளை அன்றாட மருத்துவம் நன்கறியும். நாற்பதைக் கடந்த புகைப்பழக்கமுள்ளவர், குரல் கம்மி வாரக்கணக்கில் தெளியாமை, விரல்நுனிகள் பருத்து நகம் வளைதல், தோளில் தொடங்கிக் கையில் இறங்கும் வலி, கழுத்தில் கட்டி, எல்லாவற்றிற்கும் மேலாக, காசநோய் மருந்தை ஒழுங்காக எடுத்தும் இரண்டு மாதத்தில் நிழல் சுருங்காமை. பெரியப்பாவுக்குத் தீபாவளியின்போதே குரல் கம்மிவிட்டது. பனி என்று நாங்களே காரணம் கற்பித்துக்கொண்டோம்.

பெயரைத் தருவது திசு. ஜப்பானின் ஷிகெட்டோ இக்கேடா 1960களின் பிற்பகுதியில் உருவாக்கிய வளையும் மூச்சுக்குழல் நோக்கி, குழாயின் உட்கிளைவரை சென்று சிறுதுணுக்கைக் கிள்ளி எடுக்க வழிசெய்தது. 1971இல் முதல் நோயாளியைப் படம்பிடித்த சி.டி. ஸ்கேன், நிழலைத் துண்டு துண்டாக நறுக்கிக் காட்டியது. ஊசியைச் சரியான இடத்தில் செலுத்தவும் அது துணையாயிற்று. நுரையீரலைச் சூழ்ந்த நீரிலோ கழுத்துக் கட்டியிலோ புற்றணு தென்பட்டாலும் போதும். 1988இல் இவை எதுவும் எஸ்டேட் மருந்தகத்தின் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோயம்புத்தூர் செல்லவேண்டும். ஒரு நாள் கூலி, பேருந்துச் செலவு, உடன்வருபவரின் கூலி என்று கணக்கிட்டால், பலருக்கு அந்த வளைவுகளே நோயின் ஒரு கட்டமாகிவிடும்.

பெயர் கிடைத்தபோது பெரியப்பாவுக்கு நோய் முதுகெலும்பையும் கல்லீரலையும் தொட்டிருந்தது. மூளை, எலும்பு, கல்லீரல், மறுபக்க நுரையீரல் என்று பரவிவிட்ட நிலையையே நான்காம் கட்டம் என்கிறார்கள். இந்தியாவில் நுரையீரல் புற்று கண்டறியப்படுவோரில் பெரும்பாலோர் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்திலேயே வருகின்றனர்.

*

நான்காம் கட்டத்தில் அன்று என்ன செய்ய முடிந்தது? தமிழ்நாட்டில் புற்றுநோய்க்கென்று ஒரு நிலையம் அடையாற்றில் 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கியிருந்தது. தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முப்பதாண்டுக் கனவு அது. கதிர்ச்சிகிச்சையால் எலும்பு வலியைத் தணிக்கவும் இரத்தப்போக்கை நிறுத்தவும் முடிந்தது. சிஸ்பிளாட்டின் மருந்து வந்திருந்தது. ஆனால் அது உண்மையில் பயனுள்ளதா என்ற வாதம் ஓயவில்லை. 1995இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபின், சிஸ்பிளாட்டின் சார்ந்த சிகிச்சையால் ஓராண்டு உயிர்வாழ்வோர் நூற்றுக்குப் பத்துப்பேர் கூடுகின்றனர் என்று தெரிந்தது. நடுநிலை ஆயுள் நீண்டது ஏறத்தாழ ஒன்றரை மாதம்.

பெரிய மாற்றம் 2004இல் நேர்ந்தது. கெஃபிட்டினிப் என்னும் மாத்திரை சிலருக்கு வியப்பான பலனையும் பலருக்கு எதையுமே தராததன் காரணம் அவ்வாண்டில் வெளிப்பட்டது: ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில் குறிப்பிட்ட திரிபு உள்ள கட்டிகளே அதற்குப் பணிந்தன. திரிபு உள்ளவர்க்கு மாத்திரையும், இல்லாதவர்க்கு ஊசிவழி வேதிச்சிகிச்சையுமே மேல் என்று 2009இல் கிழக்காசிய நோயாளிகளிடையே நடந்த ஆய்வு உறுதிசெய்தது. இந்தியரிடையே அடினோகார்சினோமா வகை கண்டவரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இத்திரிபு இருக்கிறது. அத்தகையோர்க்கு மாத்திரையோடு வேதிச்சிகிச்சையையும் சேர்த்தளித்தால், நோய் அடங்கியிருக்கும் காலம் எட்டு மாதத்திலிருந்து பதினாறு மாதமாகிறது என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனையினர் 2020இல் வெளியிட்டனர். 2016க்குப் பின் நோயெதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளும் முதற்சிகிச்சையாக வந்துவிட்டன. அவற்றின் விலை மட்டும் இன்னும் பெரும்பாலோர்க்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது.

ஆக, இன்று 'நுரையீரல் புற்று' என்பதுகூட முழுப்பெயர் அன்று. எந்த வகைத் திசு, எந்தத் திரிபு என்று சொன்னால்தான் பெயர் முழுமையாகும். அதற்குப் போதிய திசு வேண்டும்; அதைச் சோதிக்க ஆய்வகம் வேண்டும்; முடிவு வரும்வரை நோயாளி தாங்கவேண்டும். தமிழக அரசு 2009இலும் பின்னர் விரிவாக 2012இலும் கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் ஏழைக் குடும்பங்களைப் பெருங்கடனிலிருந்து காத்தன. நீலகிரிக்கு 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும், 2025இல் அதற்கான புதிய மருத்துவமனைக் கட்டடமும் வந்தன. 1988இல் சமவெளிக்கு இறங்கித் தேடவேண்டியிருந்தவற்றுள் சில, மலையிலேயே கிடைக்கத் தொடங்கியிருக்கின்றன.

*

சிகிச்சை என்பது கட்டியைச் சுருக்குவது மட்டுமன்று. 2010இல் பாஸ்டன் நகரில் 151 நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு, பரவிய நுரையீரல் புற்று கண்ட உடனேயே வலி, மூச்சுத்திணறல், மனத்துயர் ஆகியவற்றைத் தணிக்கும் ஆதரவுச் சிகிச்சையையும் தொடங்கினால் என்ன ஆகும் என்று பார்த்தது. அவர்கள் வாழ்நாளின் தரம் உயர்ந்தது. இறுதியில் கடுஞ்சிகிச்சைகளை அவர்கள் குறைவாகவே நாடினர். எனினும் நடுநிலை ஆயுள் 8.9 மாதத்திற்குப் பதிலாக 11.6 மாதமாயிற்று.

இதற்கு வேண்டியவை பெரிய இயந்திரங்கள் அல்ல. எலும்பு வலிக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு முறை கதிர் கொடுத்தால் போதும். மூச்சுத்திணறலுக்குச் சிறிதளவு மார்ஃபின் உதவும். முகத்திற்கெதிரே சுழலும் சிறு விசிறிகூட உதவும். ஆனால் 1985இன் போதைப்பொருள் சட்டத்திற்குப் பின் மார்ஃபின் பெறுவது இந்திய மருத்துவமனைகளுக்கு மிகக் கடினமாகிவிட்டது. 2014இல் சட்டம் திருத்தப்படும்வரை, உலகுக்கு அபின் விளைவித்துக் கொடுத்த நாட்டில் புற்றுநோயாளிகள் வலியில் துடித்தனர். கூடலூர்ப் பக்கம் மலையிறங்கினால் எட்டிவிடும் கோழிக்கோட்டில், 1993இல் மருத்துவர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம் கேரளம் முழுதும் பரவி, அயலவரே நோயாளியின் வீடுதேடிச் செல்லும் வழக்கத்தை உண்டாக்கியது. பெரியப்பாவின் கடைசி மாதத்தில் அவருக்குக் கிடைத்தது தைலமும், சாய்ந்து உட்காரத் தலையணைகள் நான்கும்.

பெயரை அவரிடம் எவரும் சொல்லவில்லை. கோவையிலிருந்து திரும்பிய பேருந்தில், பர்லியாறு தாண்டியதும் அவர், "சளிதானே, ஆறிடும்ல?" என்று கேட்டார். "ஆறிடும் பெரியப்பா" என்றோம். பெரியவர்கள் அப்படிச் சொல்லும்படிதான் நமக்குக் கற்பித்திருந்தனர். அவருக்குத் தெரிந்திருந்தது என்று பெரியம்மா பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார்: அந்த வாரமே வங்கிப் புத்தகத்தைப் பெரியம்மாவின் பெயருக்கு மாற்ற ஆள் அனுப்பினாராம். தமக்குத் தெரியும் என்பதை அவரும் எங்களிடம் சொல்லவில்லை. இப்படி இருபுறமும் மறைத்துக்கொண்டே கடைசி இரண்டு மாதத்தையும் கழித்துவிட்டோம். காசநோய் மருந்தில் கழிந்த ஆறு மாதத்தைவிட இந்த இரண்டு மாதமே இன்று நம்மை உறுத்துகிறது.

*

இந்து நகரின் ஆலை 1990களின் நடுவில் நலிந்த நிறுவனமாயிற்று. இறக்குமதிப் படலங்களின் போட்டியும், கடன்சுமையும், பின்னர் வந்த டிஜிட்டல் படமும் அதை எழவொட்டவில்லை. எஞ்சிய ஊழியர்க்கு விருப்ப ஓய்வுத் தொகை வழங்க 2014இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்ததோடு அதன் கதை முடிந்தது. இன்று எக்ஸ்ரே கணினித் திரையில் தோன்றுகிறது. நம் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. நிழல் வந்துசேரும் வேகம் பன்மடங்காகிவிட்டது. பெயர் வந்துசேரும் வேகம் அந்த அளவிற்குக் கூடவில்லை.

ஆகவே வாசகர்களிடம் நம் வேண்டுகோள் இரண்டே. வீட்டில் ஒருவர் காசநோய் மருந்து எடுத்தும் இரண்டு மாதத்தில் தேறவில்லையென்றால், அல்லது சளியில் கிருமி காணாமலே மருந்து தொடங்கப்பட்டிருந்தால், தயங்காமல் மருத்துவரிடம் கேளுங்கள்: இந்த நிழலின் பெயர் உறுதியாகிவிட்டதா, திசு எடுத்துப் பார்க்கவேண்டுமா என்று. பெயர் தெரிந்தபின், நோயாளி அறிய விரும்பினால் அவரிடம் மறைக்காதீர்கள். எஞ்சிய நாட்கள் அவருடையவை.

எக்ஸ்ரேயை மறுபடி உறையிலிட்டு எடுத்துவந்துவிட்டோம். இப்போது அது நம் புத்தக அலமாரியில் இருக்கிறது.